பேட்டரி புதுசு, செல்ஃப் புதுசு... ஆனாலும் வண்டி கிளம்பவில்லை!

அதிகாலை 2.40 மணி. அம்பத்தூர் ஓ.டி-யில் ஒரு குறுகலான தெரு. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் பழைய பிக்அப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாமியை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்புகிறார் அவர்.

'டக்.'

அவ்வளவுதான். இன்ஜின் அசையவில்லை. மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் ஒரே ஒரு 'டக்.'

உள்ளேயிருந்து டார்ச் லைட்டுடன் மனைவி வருகிறார். "இன்னிக்குமாங்க?" என்று கேட்க வாய் வரை வருகிறது. கேட்டால் கோபம் வரும் என்று தெரியும். பேசாமல் லைட் அடிக்கிறார். எதிர் வீட்டுப் பையன்களை எழுப்பி, தெருமுனை வரை வண்டியைத் தள்ளவைத்து, செகண்ட் கியரில் ஒரு வழியாகக் கிளப்புவதற்குள் மணி 3.20.

காய்கறி வியாபாரத்தில் அந்த 40 நிமிடம் பெரிய விஷயம். கோயம்பேட்டுக்குள் மூன்று மணிக்கு நுழைகிறவர் எடுக்கிற தக்காளி வேறு, நாலு மணிக்கு நுழைகிறவர் எடுக்கிற தக்காளி வேறு. ஆவடியில் இரண்டு மெஸ், கரையான்சாவடி பக்கம் ஐந்தாறு சின்னக் கடைகள் என்று அவருக்கு வாடிக்கை. ஆறு மணிக்குள் காய் இறங்கவில்லை என்றால் மெஸ்ஸில் காலைச் சாம்பாருக்கே சிக்கல். இரண்டு முறை பொறுத்துக்கொண்ட ஒரு மெஸ்காரர், மூன்றாவது முறை போனில் சொல்லிவிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலேருந்து வேற வண்டி சொல்லிட்டேன்."

இது 2024 ஐப்பசி மாதத்துக் கதை.

நின்றே அறியாத வண்டி

சென்னையின் மேற்குப் புறநகரில் இப்படிச் சின்ன லோடு வண்டியை நம்பி ஓடுகிற குடும்பங்கள் ஏராளம். கொத்தவால் சாவடியில் நெருக்கியடித்த மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு வந்தது. 2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து, 'குட்டி யானை' என்று ஊரே செல்லப் பெயர் வைத்தது. அதுவரை லாரிக்காரரிடம் வாடகைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்த பலர், கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு சின்ன வண்டிக்கு முதலாளி ஆனார்கள். இவரும் அப்படித்தான். குட்டி யானையைவிடக் கொஞ்சம் பெரிய பிக்அப். 2011-ல் எடுத்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது. வருஷா வருஷம் எஃப்.சி காட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மொத்த வியாபாரம் மாறியது. மழை பெய்தால் அங்கே சேறும் சகதியும். அந்தச் சேற்றில் இறங்கி ஏறிய காலத்தில்கூட இந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. "என் பெரிய பையன் இதுதான்" என்று அவர் சொல்வதுண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். இவர் தெருவில் வண்டியின் சேஸ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு ஆயில் மாற்றி, பிரேக் கழுவி, கிளப்பிப் பார்த்தார். உடனே கிளம்பியது. தப்பித்தோம் என்று நினைத்தார்.

தப்பவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள்

முதல் தடவை நின்றபோது மெக்கானிக் பார்த்துவிட்டு, "பேட்டரி போயிடுச்சு" என்றார். பழையதைக் கொடுத்துப் புதியது போட்டது போக 6,800 ரூபாய். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் 'டக்.'

அடுத்தவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றினார். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. பிரஷ், புஷ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,900. இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் சாவி போடும் சுவிட்ச் மேல் சந்தேகம். 850. பிறகு, "டைனமோ சார்ஜ் ஏத்தலை போல" என்று ஒருவர் சொல்ல, அதைக் கழற்றிச் சர்வீஸ் செய்ததில் 2,400.

மொத்தம் 12,950 ரூபாய். வண்டி நினைத்தால் கிளம்புகிறது, நினைத்தால் படுத்துக்கொள்கிறது.

ஒருவரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. பிரஷ் உண்மையிலேயே தேய்ந்திருந்தது. பழைய பேட்டரியும் மூன்று வருடத்தைத் தாண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றே ஒன்று. "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, நாளைக்கு மார்க்கெட் போகணும்" என்று இவர் நிற்பார். இருக்கிற நேரத்துக்குள் எது சுலபமாகச் சந்தேகப்பட முடியுமோ, அதை மாற்றுவார்கள். கழற்றி மாட்டும்போது ஒயர்கள் அசைந்து, பத்து நாள் பிழைப்பு ஓடும். அதைப் பார்த்து, 'சரியாகிவிட்டது' என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

ஐப்பசியில் மழை வலுத்ததும் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. பழைய வண்டி வாங்கும் புரோக்கர் ஒருவர் வந்து பார்த்து, ஒரு லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். புது வண்டிக்குத் தவணை கட்ட வேண்டுமென்றால் மனைவியின் நகை மறுபடியும் அடகுக் கடைக்குப் போக வேண்டும். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவருக்கு வயது 54.

"குடுத்துடலாம்மா. இனிமே இதோட மல்லுக்கட்ட முடியாது."

"ஒரே ஒருத்தர்கிட்ட காட்டிட்டுக் குடுங்க. பாடிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்காராம். எலக்ட்ரிக்கல் வேலை மட்டும்தான் பார்ப்பாராம். எங்க அண்ணன் சொல்லுச்சு."

அவருக்கு இஷ்டமில்லை. ஆனாலும் போனார். மனைவியும் கூட ஏறிக்கொண்டார், கையில் பால் கணக்கு நோட்டோடு.

பால் கணக்கு நோட்டு

பாடிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் பழைய உறவு உண்டு. செல்ஃப், டைனமோ எல்லாம் தயாரிக்கிற லூகாஸ் டி.வி.எஸ் ஆலை 1961-ல் தொடங்கப்பட்டது இங்கேதான். அந்தப் பேரையே பஸ் ஸ்டாப்புக்கும் வைத்துக் கூப்பிடுகிற ஊர் இது.

பெரியவரின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டியவர். ஐ.டி.ஐ படித்துவிட்டு நாற்பது வருஷமாக வண்டி ஒயர்களோடு குடித்தனம் நடத்துகிறவர். வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சொல்லுப்பா, எப்பெப்ப நிக்குது?" என்றார்.

"எப்ப வேணாலும் நிக்குதுண்ணே."

"எப்ப வேணாலும் எந்த வண்டியும் நிக்காது. காரணம் இல்லாம நிக்கிறது மனுஷன்தான்."

மனைவி நோட்டை நீட்டினார். பால் பாக்கெட் கணக்குக்குப் பின்பக்கத்தில், ஆவணியிலிருந்து வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் தேதியோடு இருந்தது. செலவு எழுதும்போது பக்கத்திலேயே ஒரு வரி. 'ராத்திரி மழை. தள்ளி எடுத்தாங்க.' 'காய் இறக்கிட்டு நின்னதும் எடுக்கல. சூடு.' மொத்தம் 14 தடவை. அதில் 9 தடவை மழைக்கு மறுநாள். 4 தடவை ஓடி, சூடாகி, நின்ற பிறகு. ஒரு வரியில் மட்டும் வேறு ஒன்று இருந்தது. 'ஆக்சிலரேட்டர் ஒயர் கையில் பட்டுச்சு. சுட்டுது.'

பெரியவர் அந்த வரியில் விரலை வைத்தார். "இது யாரும்மா பார்த்தது?"

"நான்தாங்கய்யா. பானெட்டைத் தூக்கி வெச்சு லைட் புடிச்சேன். இவர் சாவியைத் திருப்பிக்கிட்டே இருந்தாரு. கை பட்டுச்சு, சுரீர்னுச்சு. சொன்னேன். இன்ஜின் சூடா இருக்கும்னு சொல்லிட்டாரு."

"வண்டி கிளம்பவே இல்லையே. இன்ஜின் எப்படிச் சூடாகும்?"

கணவர் தலையைச் சொறிந்தார். அன்று அது அவருக்குத் தோன்றவில்லை.

கரன்ட் போகும் வழி, வரும் வழி

பெரியவர் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் போதும்.

ஒரு காலத்தில் வண்டியின் முன்பக்கம் இரும்புக் கம்பியை நுழைத்து, கையால் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்பினார்கள். பழைய அம்பாசிடர்காரர்கள் அந்தக் கம்பியை டிக்கியில் வைத்திருந்தது சிலருக்கு நினைவிருக்கும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் கார்களில் வந்தது. கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. நாம் 'செல்ஃப்' என்பது அதைத்தான்.

ஒரு கனமான டீசல் இன்ஜினைச் சுற்ற அந்த மோட்டாருக்கு ஒரே நேரத்தில் 150, 200 ஆம்பியர் வரை கரன்ட் வேண்டும். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்தே 10 ஆம்பியர்தான். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அதனால்தான் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு விரல் தடிமனில் ஒயர் போகிறது.

போகிற வழி எல்லோருக்கும் தெரியும். திரும்புகிற வழிதான் பலருக்கு மறந்துபோகும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் கரன்ட், செல்ஃபுக்குள் வேலை பார்த்துவிட்டு, இன்ஜினின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்ட்டிங் மேல். ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. அதற்காகத்தான் இன்ஜினையும் சேஸையும் சேர்த்து ஓர் எர்த் பட்டை போட்டிருப்பார்கள். பின்னிய கம்பிப் பட்டை, இரண்டு போல்ட். வண்டியின் அடியில், சேறு படுகிற இடத்தில் இருக்கும். எவரும் எட்டிப் பார்க்காத சாமான்.

அந்தப் பட்டை கெட்டுப்போனால் கரன்ட் வேறு வழி தேடும். பெடலிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ஆக்சிலரேட்டர் ஒயரும் இரும்புதானே? அதன் வழியாகத் திரும்பப் பார்க்கும். மெல்லிய கம்பியில் அவ்வளவு கரன்ட் பாய்ந்தால் சுடத்தான் செய்யும். "இப்படியே விட்டிருந்தா அந்த ஒயர் வெந்து, ஓடும்போது ஆக்சிலரேட்டர் சிக்கிக்கிட்டு நின்னிருக்கும். சி.டி.எச் ரோட்டுல லோடோட போறப்ப அப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றார் பெரியவர்.

வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை கவலை பணத்தைப் பற்றி மட்டும்தான் இருந்தது.

மீட்டர் காட்டியது

பெரியவர் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்தார். முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். முழு சார்ஜ். "பேட்டரி மேல பழி இல்ல."

"அம்மா, நீங்க ஏறி சாவியைத் திருப்புங்க. நான் சொல்ற வரைக்கும்தான்."

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, மனைவி சாவியைத் திருப்பினார். 'டக்.' அந்த நேரத்தில் பேட்டரி காட்டியது 11.4. அப்போதும் தாங்குகிறது. செல்ஃப் இழுக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்ததாக மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் வைத்தார். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டி வைத்தார். "திருப்புங்க."

3.8 வோல்ட்.

எர்த் நன்றாக இருந்தால் அந்த இடத்தில் 0.2 வோல்ட் அளவுக்குத்தான் காட்ட வேண்டும். மீதி எல்லாம் வழியிலேயே விரயம். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.025 ஓம் தடை இருந்தாலே 3.75 வோல்ட் காணாமல் போய்விடும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரில் ஓம் வைத்து அளந்து கண்டுபிடிக்க முடியாது. பல்ப் போட்டுப் பார்த்தாலும் பளிச்சென்று எரியும். லோடு ஏறும்போது அளந்தால் மட்டுமே தெரியும். ஆள் எப்படிப்பட்டவர் என்று கஷ்டம் வரும்போது தெரிகிற மாதிரி.

இன்னும் ஒரு சோதனை. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்குப் பிடித்தார். "இப்ப திருப்புங்கம்மா."

ஒரே இழுப்பு. இன்ஜின் எடுத்துக்கொண்டது. பட்டறை முழுக்க டீசல் புகை. வண்டியின் உள்ளே உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்த வண்டியை அவர் ஸ்டார்ட் செய்தது அதுதான் முதல் முறை.

எர்த் பட்டையைக் கழற்றினார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. லக்கைப் பிரித்தபோது உள்ளே கம்பிகள் பச்சை பூத்து, பாதிக்கு மேல் அறுந்திருந்தன. புயல் தண்ணீரில் மூழ்கியபோது உள்ளே போன ஈரம், எட்டு மாதம் மெதுவாகத் தின்றிருக்கிறது. மழை நாளில் ஈரம் படிந்து தடை கூடும். இன்ஜின் சூட்டிலும் கூடும். நோட்டில் எழுதியிருந்த 13 நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. பதினான்காவது வரி, இடத்தையே காட்டிவிட்டது.

புதுப் பட்டை 280. சேஸில் துருவைச் சுரண்டி, போல்ட் இறுக்கி, மேலே வாஸலின் தடவ, ஆக்சிலரேட்டர் ஒயரைச் சரிபார்க்கக் கூலி 300. மொத்தம் 580 ரூபாய்.

சத்தத்தைக் கேளுங்கள்

பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் பெரியவர் சொல்வது ஒன்றுதான்: "மாத்திப் பார்க்காதே, பார்த்து மாத்து." அவர் சொன்ன சில வழிகள்:

சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லையா? ஃபியூஸ், சாவி சுவிட்ச், ரிலே, செல்ஃபுக்குப் போகும் சின்ன ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

'டக டக டக' என்று வேகமாக அடிக்கிறதா? பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் லூஸாக, வெள்ளை பூத்து இருக்கும். சுத்தம் செய்து இறுக்கிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

ஒரே ஒரு 'டக்'கா? பேட்டரி சரியாக இருந்தால், தடித்த ஒயர்கள், எர்த் பட்டை, செல்ஃப் சொலினாய்டு, கார்பன் பிரஷ் என்று இந்த வரிசையில் போங்கள். விலை குறைந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

'விர்ர்' என்று செல்ஃப் மட்டும் சுற்றி, இன்ஜின் சுற்றவில்லையா? செல்ஃபின் பல் சக்கரம் சேரவில்லை.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? கோளாறு செல்ஃபில் இல்லை. டீசல் லைனில் காற்று, அடைத்த ஃபில்டர், டீசலை நிறுத்தும் சொலினாய்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம்.

ஜாக்கிரதை வேண்டிய இடங்களும் உண்டு. ஒயர்களைக் கழற்றும் முன் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடாது. ஃபியூஸ் போனால் கம்பி சுற்றாதீர்கள், அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி கிளம்பிவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். எர்த் போல்ட்டுகளையும் கனெக்டர்களையும் ஒருமுறை கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள்.

நோட்டின் கடைசி வரி

அன்று இரவும் மழை. மறுநாள் அதிகாலை 2.40-க்கு எதிர் வீட்டுப் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துக்கொண்டது.

போன மெஸ் வாடிக்கை திரும்பி வரவில்லை. 12,950 ரூபாயும் திரும்பாது. புரோக்கர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

அன்று காலை லோடு இறக்கிவிட்டு வந்து காபி குடிக்கும்போது, அவர் மெதுவாகச் சொன்னார். "அந்த ஒயர் சுட்டுதுன்னு நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் காதுல வாங்கலை."

"சொன்னேன். நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் எழுதியும் வெச்சேன்" என்றார் மனைவி, பால் கணக்கில் அன்றைய இரண்டு பாக்கெட்டை எழுதிக்கொண்டே.